நெடுங்கரைப்பட்டியில் இல்லாத சுவர்

நெடுங்கரைப்பட்டி அரசு மேல்நிலைப் பள்ளிக்கு ரோபோ செய்யக் கற்றுக்கொடுக்க ஆள் வந்த வாரத்தில்தான், ஊரின் நடுவே ஒரு சுவர் இருக்கிறது என்பது ஒரு பொம்மை வண்டிக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை, அல்லது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டில் எது என்று ஊரில் இன்றைக்கும் யாரும் பேசிக்கொள்வதில்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஷர்மிளா என்ற பயிற்சியாளர் அட்டைப் பெட்டிகளோடு வந்து இறங்கினாள். ஒவ்வொரு பெட்டியிலும் மஞ்சள் மோட்டார்களும் ரப்பர் சக்கரங்களும் வயர்க் கொத்தும், வண்டியின் மூளை என்று அவள் அறிமுகப்படுத்திய ஒரு நீல அட்டையும் இருந்தன. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியர்களும் சமமாக உட்கார்ந்து கற்க வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்திருந்ததால், ஆசிரியர்கள் முதல் ஆளாக வந்து கடைசி பெஞ்சுகளைப் பிடித்துக்கொண்டு, வருஷம் முழுக்க எந்தெந்தக் காரியங்களுக்காகப் பிள்ளைகளை முட்டி போடச் சொல்வார்களோ அந்தக் காரியங்களையெல்லாம் ஒன்று விடாமல் செய்தார்கள். கணக்கு வாத்தியார் பக்கத்துப் பெட்டியைப் பார்த்து வயர் மாட்டினார். தமிழய்யா தூங்கினார். பி.டி. மாஸ்டர் எழுந்து நின்று, "மேடம், இவர் என் சக்கரத்தை எடுத்துட்டுத் தரமாட்டேங்கிறார்" என்று கோள் சொன்னார்.

அறிவியல் ஆசிரியை தேவசேனா டீச்சர் பிள்ளைகளை ஏற்கெனவே குழுக்களாகப் பிரித்து வைத்திருந்தார். ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே குழுவில் இருந்தால் வீட்டுக்குப் போகும்போதும் பாடத்தைப் பேசிக்கொண்டே போகலாம் என்று அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார். இது தெரியாத ஷர்மிளா, தான் போகிற பள்ளிகளிலெல்லாம் செய்கிற வழக்கப்படி, வரிசையாக ஒன்று இரண்டு மூன்று நாலு என்று எண்ணச் சொல்லி, ஒரே எண் சொன்னவர்களைச் சேர்ந்து உட்காரச் சொல்லிவிட்டாள். டீச்சர் வாயைத் திறந்தார், என்ன சொல்லித் தடுப்பது என்று தெரியாமல் கொட்டாவியாக மாற்றிக்கொண்டார். இப்படித்தான் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே அறையில் படித்தும் ஒரு நாளும் ஒருவரிடம் ஒருவர் ரப்பர் கேட்டிராத செம்மலரும் பவதாரிணியும் ஒரு பெட்டியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். பவதாரிணி, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் அரிசி மில் முதலாளியுமான பரமகுருவின் மகள். செம்மலர் அந்தப் பக்கத்துப் பெண். நெடுங்கரைப்பட்டியில் இரண்டு பக்கத்தாரும் மற்றப் பக்கத்தை அந்தப் பக்கம் என்றுதான் சொல்வார்கள். அதற்குமேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

"இதுதான் வண்டியோட கண்ணு" என்று ஷர்மிளா இரண்டு வெள்ளிக் குழல்கள் பதித்த சின்ன அட்டையைத் தூக்கிக் காட்டினாள். "இது நிஜமா பார்க்காது. நமக்குக் கேட்காத ஒரு சத்தத்தை முன்னாடி அனுப்பும். எதுலயாவது பட்டுத் திரும்பி வந்தா, எதிர்ல ஏதோ இருக்குன்னு நின்னுடும். வரலைன்னா போய்க்கிட்டே இருக்கும்."

"கிணத்துல கத்தினா திரும்பி வருமே, அந்த மாதிரியா மிஸ்?" என்றாள் செம்மலர்.

"அதேதான்."

"இதுக்குப் பொய் சொல்லத் தெரியுமா மிஸ்?" என்றாள் பவதாரிணி.

"கண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியாது. மூளைக்கு நாம எழுதிக் கொடுத்தா சொல்லும்."

பயிற்சி முடிந்ததும் போட்டி ஒன்று நடக்கும் என்றும், ஜெயிக்கிற வண்டி மாவட்டத்துக்குப் போகும் என்றும், மற்ற வண்டிகளைப் பிரித்துத் திருகாணி உட்பட எண்ணிப் பெட்டியில் போட்டு ஹெச்.எம். அறைப் பீரோவில் பூட்டிவிட வேண்டும் என்றும் ஷர்மிளா சொன்னாள். அந்தப் பீரோ செம்மலருக்குத் தெரியும். வானம் பார்ப்பதற்கென்று ஒரு தடவை பள்ளிக்கு வந்த தொலைநோக்கி, மேலே சுற்றிய பிளாஸ்டிக் பையோடு அதற்குள்தான் இருக்கிறது. பீரோவுக்குள்ளிருந்து அது எந்த நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ தெரியாது. தங்கள் வண்டியின் ஒவ்வொரு திருகாணியையும் அவள் தானே முடுக்கியிருந்தாள். "கண்டிப்பா பிரிக்கணுமா மிஸ்?" என்று முதலில் மெதுவாகவும், பிறகு வேறு சந்தேகம் கேட்கிற மாதிரியும், கடைசியில் நேராகவும் கேட்டுப் பார்த்தாள். கண்டிப்பாகப் பிரிக்க வேண்டும் என்றே ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது.

வண்டிகள் எல்லாம் தயாரானதும், "புது வண்டியைச் சும்மா எடுக்கக் கூடாது" என்று ஹெச்.எம். ஞானசம்பந்தம் ஒரு கூடை எலுமிச்சம்பழம் வாங்கிவரச் சொன்னார். ஒவ்வொரு வண்டியின் சக்கரத்துக்குக் கீழேயும் ஒரு பழம் வைக்கப்பட்டது. வண்டிகளுக்குப் பழத்தை நசுக்குகிற கனம் இல்லாததால் பி.டி. மாஸ்டர் காலால் உதவி செய்தார். நெற்றி என்று தனியாக எதுவும் இல்லாத காரணத்தால் சந்தனமும் குங்குமமும் கண்ணிலேயே வைக்கப்பட்டன.

பிரேயர் மைதானத்தின் மேற்குக் கோடியிலிருந்து கிழக்கு நோக்கி வண்டிகளை விட்டார்கள். முதல் வண்டி கொடிக்கம்பம் வரை ஒழுங்காகப் போய், அங்கே நின்று, கொஞ்சம் யோசித்து, திரும்பி வந்தது. அடுத்ததும் அங்கேயே நின்று திரும்பியது. ஆசிரியர்கள் செய்த வண்டிகூட, வழியில் ஒரு சக்கரத்தை இழந்தபோதும், நொண்டிக்கொண்டே அந்த இடம் வரை போய்த் திரும்பியது.

"சந்தனம் கண்ணை மறைக்குது" என்று தேவசேனா டீச்சர் தன் முந்தானையால் துடைத்துப் பார்த்தார். மறுபடியும் நின்றது. கண்ணை மாற்றினார்கள். நின்றது. கடைசியில் ஷர்மிளாவே அந்த இடத்தில் என்னதான் இருக்கிறது என்று பார்ப்பதற்காக நேராக நடந்து போனாள். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லாத வெளியில் 'ணங்' என்று நெற்றி இடித்துக்கொண்டு, யாரிடம் என்று தெரியாமல் "சாரி" என்றாள்.

அவள் இடித்துக்கொண்டதற்கு யாரும் ஆச்சரியப்படவில்லை. நேராகப் போனதற்குத்தான் ஆச்சரியப்பட்டார்கள். "அங்க யாரும் நேரா போகமாட்டாங்க மேடம், சமையல் கூடத்தைச் சுத்தித்தான் போவாங்க" என்று, வெளியூர்க்காரருக்குப் பஸ் எங்கே நிற்கும் என்று சொல்கிற தோரணையில் சொன்னார் பி.டி. மாஸ்டர்.

அன்று மாலைக்குள் பிள்ளைகள் வண்டிகளை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்கள். வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் சுண்ணாம்புக்கட்டியால் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுத்துக்கொண்டே போனார்கள். கோடு பிரேயரில் பிள்ளைகள் நிற்கும் வரிசைகளுக்கு நடுவே கிளம்பியது. தண்ணீர்த் தொட்டியின் இரண்டு குழாய்களுக்கு நடுவே போயிற்று. சத்துணவுக் கூடத்தை இரண்டாகப் பிரித்து, மதிலுக்கு வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் நிழற்குடைக்கும் அதற்கு எதிரே ஆட்கள் வெயிலில் நிற்கும் இடத்துக்கும் ஊடாக நுழைந்தது. டீக்கடையில் முன் பெஞ்சையும் பின்பக்கத்துக் கல்லையும் பிரித்துவிட்டுக் கண்மாய்க்கரையில் போய் முடிந்தது. சமையல் கூடத்துக்குப் பின்னால் பிள்ளைகள் சுற்றிப் போகிற இடத்தைத் தவிர, கரையோரத்தில் மட்டும் ஓர் இடைவெளி இருந்தது. விடிந்தால் அதன் வழியாகத்தான் நடவுக்கு ஆள் வந்தது, பால் போயிற்று. தேர்தல் சமயத்தில் வேட்பாளர் கும்பிட்ட கையைப் பிரிக்காமல் அதன் வழியாகத்தான் போய்வந்தார். ஊரில் யாருக்கும் ஒரு நாளும் நெற்றி இடித்ததில்லை. நடக்கக் கற்றுக்கொள்ளும்போதே எல்லோரும் அங்கே விலகித் திரும்பவும் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

சுவர் இருப்பது தெரிந்த பிறகு ஊர் கலங்கிவிடவில்லை. முதலில் டீக்கடைக்கு வந்த ஒருவர் தன் சைக்கிளை அதில் சாய்த்து வைத்தார். அது விழாமல் நிற்பதைப் பார்த்து மற்றவர்களும் சாய்த்தார்கள். டீக்கடைக்காரர் ஓர் ஆணி அடித்து, அந்தரத்தில் தினசரி காலண்டர் மாட்டினார். கிரிக்கெட் ஆடுகிற பையன்களுக்கு அந்தப் பக்கம் பந்து பொறுக்குகிற வேலை மிச்சமாயிற்று. ஒரு கட்சிக்காரர்கள் வாளியும் சுண்ணாம்பு மட்டையுமாக வந்து வெள்ளையடித்து, அடுத்த தேர்தல் வரை சுவர் தங்களுக்கே என்று முன்பதிவு எழுதினார்கள். வெள்ளையும் எழுத்தும் காற்றில் நின்றன, ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எழுத்தெல்லாம் வலம் இடமாக மாறித் தெரிந்தது. எங்களுக்கு மட்டும் புரியாத எழுத்தா என்று அந்தப் பக்கத்தார் கேட்டார்கள். நியாயமான கோரிக்கை என்று எதிர்க்கட்சி உடனே அவர்கள் பக்கத்திலும் வந்து எழுதிக்கொடுத்தது. ஒரு சிமெண்ட் ஏஜெண்டு, தன் கம்பெனி சிமெண்ட்டால் கட்டிய சுவர் என்று விளம்பரம் செய்துகொள்ள அனுமதி கேட்டுப் போனார். யாரிடம் கேட்பது என்று தெரியாததால் கேட்காமலேயே எழுதினார்.

வி.ஏ.ஓ. வரைபடத்தை விரித்துப் பார்த்தார். சுவரைத் தொட்டும் பார்த்தார். கையில் ஒட்டிய வெள்ளையைத் துடைத்துக்கொண்டு, "படத்துல இல்லை" என்றார். "இல்லாததை எடுக்கணும்னா முதல்ல இருக்குன்னு யாராவது மனு கொடுக்கணும். யார் கொடுக்கிறீங்க?" கூட்டம் மெல்லக் கலைந்தது. ஷர்மிளா தன் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அங்கிருந்தவர்கள் நிதானமாகக் கேட்டுவிட்டு, அது லோக்கல் விஷயம், போட்டியை முடித்துவிட்டு வந்தால் போதும் என்றார்கள்.

ஹெச்.எம். பிரேயரில் மைக் பிடித்துப் பேசினார். "நம்ம ஊர்ல சுவரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எல்லாரும் தாயா பிள்ளையா பழகிட்டிருக்கோம். வெளியில யாராவது கேட்டா அப்படித்தான் சொல்லணும், புரிஞ்சுதா?" புரிந்தது என்று இரண்டு பக்கமிருந்தும் குரல் வந்தது. பேச்சு நீண்டுபோனதால் கால் வலித்து, அவர் அதன்மேல் லேசாகச் சாய்ந்துகொண்டார்.

போட்டி விதி எளிமையானது. வண்டி மேடைக்கு முன்னாலிருந்து கிளம்பி, எதிலும் மோதாமல், மைதானத்தின் மறுகோடிக்கு நேராகப் போக வேண்டும். தடத்தை வடக்கு தெற்காக மாற்றிப் போட்டிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் மாற்ற வேண்டுமென்றால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் ஹெச்.எம். மாற்றச் சொல்லவில்லை. மற்றக் குழுக்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று, வலது பக்கம் திரும்பி, சமையல் கூடத்தைச் சுற்றி, இடது பக்கம் திரும்பு என்று தங்கள் வண்டிகளுக்கு எழுதிக் கொடுத்தன. யாரும் சொல்லித்தராமலே அந்த வழி எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"நாமளும் சுத்தி விட்டுடுவோம்டி" என்றாள் பவதாரிணி.

"நேரா போகணும்னு ரூல்ஸ். சுத்தினா அவுட்டு. அவுட்டானா பீரோ."

"நேரா போனா இடிக்குமே."

"எதுல இடிக்கும்?"

பவதாரிணி கொடிக்கம்பம் இருக்கிற பக்கம் பார்த்தாள்.

"உங்கப்பா என்ன சொல்றார், சுவர் இருக்குன்னா?"

"இல்லைன்னுதான். கேட்டதுக்கு அம்மாவைத் திட்டினார்."

"எங்கப்பா கேட்டாலே வெளியில எழுந்து போயிடறார். சார் இல்லைன்றார், வி.ஏ.ஓ. இல்லைன்றார். ஊரே இல்லைன்னு சொல்லும்போது இந்த வண்டிக்கு மட்டும் எதுக்கு இருக்குன்னு சொல்லி வச்சிருக்கோம்? எடு அந்த வரியை."

எதிரில் ஏதாவது இருந்தால் நில் என்ற வரியைத்தான் சொன்னாள். பவதாரிணி லேப்டாப் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு, "உடைஞ்சு போச்சுன்னா?" என்றாள்.

"பிரிக்கிறதுக்கு உடையறது மேல்" என்று செம்மலர் அந்த விரலின்மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள்.

போட்டியன்று மாவட்டத்திலிருந்து நடுவர் வந்தார். ஊர் இரண்டு பக்கமும் வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு வண்டியாகக் கிளம்பிப் போய், கொடிக்கம்பத்துக்கு முன்னால் பணிவாக வலது பக்கம் திரும்பியது. நேர் வழியை விட்டது என்று நடுவர் ஒவ்வொன்றாக நீக்கினார். ஆசிரியர்களின் வண்டி சமையல் கூடம் வரை போய், அங்கேயே தங்கிவிட்டது.

கடைசியாகச் செம்மலரும் பவதாரிணியும் தங்கள் வண்டியை விட்டார்கள். அது போயிற்று. கொடிக்கம்பத்தருகே 'டொக்' என்று இடித்தது. பின்னால் நகர்ந்து மறுபடியும் இடித்தது. சக்கரம் மண்ணைப் பறித்தது, மோட்டார் முனகியது, வண்டி நிற்கவில்லை, ஏனென்றால் நிற்க வேண்டிய காரணம் எதையும் அதற்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கூட்டம் முதலில் ஐயோ பாவம் என்றது, பிறகு சிரித்தது, பிறகு பழகிக்கொண்டது. நேரமாகிறதென்று ஹெச்.எம். வரவேற்புரையைத் தொடங்கினார், டொக்; பரமகுரு பள்ளிக்குத் தான் செய்த தொண்டுகளைச் சொன்னார், டொக்; நடுவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், டொக்; நடுவர் அதைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டார், டொக். அந்தச் சின்னப் பேட்டரி எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும் என்று ஷர்மிளாவுக்குத் தெரியும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. செம்மலர் உட்காரவே இல்லை. ஒவ்வொரு இடிக்கும் தன் தோளே இடிபடுகிற மாதிரி நின்றிருந்தாள்.

நன்றியுரை நடந்துகொண்டிருந்தபோது, காற்றிலிருந்து நிறமில்லாத ஒரு தூள் உதிர ஆரம்பித்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் தும்மினார்கள். பிறகு ஒரு டிபன் பாக்ஸ் அளவுக்கு ஏதோ விட்டுக்கொடுத்தது. வண்டி அதற்குள் நுழைந்து, வெளியே வந்து, மேலெல்லாம் தூளோடு மறுகோடியைத் தொட்டு நின்றது.

நடுவர் மைக்கை வாங்கினார். "நேராகத்தான் போனது. ஆனால் வழியில் எதிலோ மோதியதாகத் தெரிகிறது. தலைமையாசிரியர் சொல்லட்டும். எதில் மோதியது?"

மைக் கைக்கு வந்ததும், யோசிக்கிற பழக்கம் விட்டுப்போயிருந்த ஞானசம்பந்தம், "மோதறதுக்கு நம்ம பள்ளிக்கூடத்துல என்ன சார் இருக்கு?" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டார்.

"அப்படியானால் எதிலும் மோதவில்லை" என்றார் நடுவர். "மாவட்டத்துக்குத் தேர்வு." அந்தப் பக்கத்திலிருந்து கைத்தட்டல் கிளம்பியது. அது எந்தப் பக்கம் என்று முதல்முறையாக யாருக்கும் சட்டென்று தெரியவில்லை.

மறுநாள் ஓட்டை தன் வேலையைக் காட்டியது. ஒரு கோழி போய்விட்டு வந்தது. ஒரு கோலிக்குண்டு உருண்டு போய், வேறொரு கோலிக்குண்டாகத் திரும்பி வந்தது. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டவர்களுக்கும் கருவாடு வறுக்கிற வாசம் இந்தப் பக்கம் வந்ததும் பொறுக்கவில்லை. வந்ததைவிட, அது நன்றாக இருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. பரமகுரு நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஹெச்.எம். அறைக்கு வந்தார். ஷர்மிளா அங்கே மற்ற வண்டிகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். செம்மலரையும் பவதாரிணியையும் வண்டியோடு வரச்சொல்லி ஆள் போயிற்று.

"இந்தத் தேர்வு செல்லாது சார்" என்றார் பரமகுரு. "அந்த வண்டியை இப்பவே பிரிச்சுப் பீரோவுல போடுங்க. ஊர்ப் பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியிருக்கு."

ஷர்மிளாவின் கையில் திருப்புளி இருந்தது. செம்மலர் வண்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, "எந்தச் சொத்தை சார்?" என்றாள்.

"ஏ பொண்ணு, பெரியவங்க பேசும்போது குறுக்க பேசாதே. அதுல ஓட்டை விழுந்திருக்குல்ல?"

"எதுல சார்?"

"அதான், அங்க, அதுல."

பரமகுரு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் அடுத்தவரைப் பார்த்தார். அடுத்தவர் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். ஹெச்.எம். ஒரு பேப்பர் வெயிட்டைத் திருப்பித் திருப்பி வைத்தார். ஒரு சொல்தான், சின்னப் பிள்ளையும் சொல்லக்கூடிய சொல். யாராவது சொல்லிவிட்டால் வண்டி பீரோவுக்குப் போய்விடும், ஆனால் சொன்னவர் பெயர் நாளை வி.ஏ.ஓ. முன்னால் நிற்கும், அதன் பிறகு அது இருக்கும், இருந்தால் யார் கட்டியது என்ற கேள்வியும் இருக்கும்.

"சொல்லுப்பா" என்றாள் பவதாரிணி. "எதுல ஓட்டை? நீ சொல்லிட்டா நாங்க பிரிச்சுடறோம்."

பரமகுரு வாயைத் திறந்தார். அது வெகுநேரம் திறந்தே இருந்தது.

"ஒண்ணுமில்லை" என்றார் கடைசியில். "காத்து ஜாஸ்தியா வருதுன்னு சொல்ல வந்தோம்."

"காத்துக்கு நாம என்ன செய்ய முடியும்" என்றார் ஹெச்.எம்., உயிர் திரும்பியவராக. "மேடம், அந்த வண்டியைப் பிரிக்க வேண்டாம்."

ஷர்மிளா திருப்புளியைப் பைக்குள் போட்டாள். வந்தவர்கள் கிளம்பத் தயாரானபோது செம்மலர், "சார், மாவட்டத்துக்குப் போறதுக்குள்ள இன்னும் நல்லா ஓட்டிப் பழகணும். இங்க ஓட்டிப் பார்க்கலாமா?" என்று கேட்டாள்.

ஹெச்.எம். அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். பரமகுருவும் அவரோடு வந்தவர்களும் மேசைக்கு இந்தப் பக்கம் நாற்காலிகளில் இருந்தார்கள். செம்மலர் வாசலையொட்டி அந்தப் பக்கம் நின்றிருந்தாள். நாலு வருஷமாக அந்த அறைக்கு வரும்போதெல்லாம் அவள் அந்த இடத்தில்தான் நின்றிருக்கிறாள். நடுவே சிமெண்ட்டுத் தரை காலியாகக் கிடந்தது.

"ஓட்டும்மா" என்றார் அவர், வேறு எதுவும் சொல்ல வழியில்லாமல். "இங்க என்ன இருக்கு?"

பவதாரிணி அப்பாவின் நாற்காலிக்குப் பின்னாலிருந்து வந்து தரையில் மண்டியிட்டு, செம்மலர் இறக்கி வைத்த வண்டியை நேராகத் திருப்பிப் பிடித்தாள். பரமகுரு தன் கால்களைத் தூக்கிக்கொண்டார். செம்மலர் சுவிட்சைப் போட்டாள்.